அப்டேட்: மைன்கிராஃப்ட் சேர்வர்ல விலை பேசி முடிச்சாச்சு

போன மாசம் கேட்டிருந்தனே, நாங்கள் சேர்ந்து மைன்கிராஃப்ட் கேம் விளையாடுற எங்கட சேர்வர்ல வைரம்தான் காசு, ஒருத்தன் மென்டிங் புத்தகத்துக்கு (தேஞ்ச சாமானைத் திருத்திற மந்திரப் புத்தகம்) 20 வைரம் கேக்கிறான், இது நியாயமா எண்டு. சனிக்கிழமை உப்புவெளில எங்கட வீட்டு விறாந்தையில 6 பேரும் இருந்து கதைச்சம். நான் கொப்பியில கணக்குப் போட்டே காட்டினன்: லைப்ரேரியன், அதான் கேமுக்குள்ள புத்தகம் விக்கிற ஊராள், கேக்கிறதே 10ல இருந்து 38 எமரால்டும் (ஊராக்கள் காசா வாங்கிற பச்சைக்கல்லு) ஒரு வெறும் புத்தகமும்தான், 24 பேப்பர் குடுத்தா 1 எமரால்ட் அவனே தாறான், அப்ப 38 எண்டாலும் 912 பேப்பர், ஒரு கரும்புக்கு ஒரு பேப்பர் எண்டபடியா 912 கரும்பு, தோட்டம் போட்டவனுக்கு அது பெரிய வேலையே இல்ல. 20 வைரம் கேட்டவன் கொஞ்ச நேரம் கொப்பியப் பாத்துட்டு 3 வைரத்துக்கு வந்துட்டான்.

இரும்பு 64க்கு 1 வைரம். இரும்பு தானா வாற ஃபார்ம் இரவு பகலா ஓடுது, கரைவலையில சூடை அள்ளுப்பட்ட அண்டைக்கு சந்தையில விலை விழும்தானே, அதேதான்.

எலிட்ரா (போட்டுக்கொண்டு பறக்கிற செட்டை) மட்டும் 40 வைரத்தில நிக்குது, குறைக்க நான் விடேல்ல. கேம்ல எண்ட் (The End) உலகத்தில இருக்கிற கப்பல் ஒண்டில ஒண்டுதான் இருக்கும், உயிரக் குடுத்துத் தேடுறவனுக்கு அந்த விலை கிடைக்கத்தான் வேணும்.

நேற்று புதுசா சேர்ந்த தம்பி முதல் மென்டிங் வாங்கிட்டான், சரியான சந்தோசம் எனக்கு.