எட்டுப் பேர், ஒரு படகு, ஒரு வாரம்: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாரம் படகிலேயே தங்கி ஸ்கூபா டைவிங் செய்யலாம் என்றிருக்கிறோம். மாலத்தீவா, செங்கடலா என்பதில்தான் இழுபறி.

ஐந்து பேரிடம் அட்வான்ஸ்டு சான்றிதழ் இருக்கிறது, 30 மீட்டர் வரை இறங்கலாம். மற்ற மூவரிடமும் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ்தான், 18 மீட்டரோடு சரி. அதில் ஒருவர் கடலில் இறங்கியே இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் நீச்சல் குளத்தில் முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்ததும் விருட்டென்று மேலே வந்துவிட்டார். மாலத்தீவில் தீவுகளுக்கு இடையே ஓடும் கால்வாய் நீரோட்டத்தில் அவரை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. செங்கடலின் வடபகுதிதான் தேவலை என்று எனக்குப் படுகிறது (1941-இல் மூழ்கிய திஸில்கார்ம் கப்பலைப் பார்க்கும் ஆசையும் உண்டு, மறைக்கவில்லை).

இப்படிக் கலவையான குழுவோடு போனவர்கள் இருக்கிறீர்களா? வழிகாட்டிகள் இரண்டாகப் பிரித்து அழைத்துப் போவார்களா, இல்லை எல்லாரும் 18 மீட்டரிலேயே நிற்க வேண்டியதுதானா? அந்த மூவரும் அட்வான்ஸ்டு பயிற்சியைப் படகிலேயே முடிக்கலாமா? தினம் மூன்று நான்கு முறை இறங்கினால் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) அவசியமா?

விமானத்துக்கு முந்தைய 18 மணி நேரம் யாரும் இறங்குவதில்லை, அது முடிவாகிவிட்டது. அப்புறம், கடல் குமட்டல் உள்ளவருக்கு எந்த அறை நல்லது?