புதுப்பிப்பு: சபை கீபோர்டுக்கு அடாப்டர் கிடைத்தாச்சு

எங்கள் சபை பாடகர் குழுவின் பழைய கீபோர்டுக்கு அடாப்டர் தொலைந்துபோச்சு, வீட்டில் கிடக்கிற 12 வோல்ட் மோடம் அடாப்டரை மாட்டலாமா என்று கேட்டிருந்தேன். "மாட்டாதே, முதல்ல அடியில என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்று சொன்ன அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி.

தூசியைத் துடைத்துப் பார்த்தால் 9 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், பக்கத்திலேயே ஒரு சின்னப் படம், அதில் நடுப்புள்ளி மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மோடம் அடாப்டரிலோ நடுவில் பிளஸ். வோல்ட்டும் கூடுதல், துருவமும் தலைகீழ், ஆனால் பிளக் மட்டும் கச்சிதமாக உள்ளே போகிறது, அதுதான் பயமே.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் 9 வோல்ட், 2 ஆம்பியர், நடு மைனஸ் கிடைத்தது. 2 ஆம்பியர் அதிகமில்லையா என்று இங்கே சிலர் கேட்டீர்கள். பரவாயில்லை, கருவி தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும், குறைவாக இருந்தால்தான் அடாப்டர் சூடாகும். கடைக்கார அண்ணன் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிளக்கின் நடு ஓட்டையிலும் கறுப்பை வெளிப்பக்கத்திலும் வைத்தார், -9.1 என்று காட்டியது. மைனஸ் குறி வந்தால் நடுவில் மைனஸ் என்று அர்த்தம், அதைப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். (கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 9 வோல்ட் அடாப்டர் என்றால், கருவியில் மாட்டாமல் சும்மா அளக்கும்போது 12-க்கு மேல்கூட காட்டும், அது வேறு கதை.)

ஞாயிறு ஆராதனை முழுக்க வாசித்தோம், இரைச்சல் இல்லை, சூடும் இல்லை. அப்புறம், கிட்டார் பெடல் வைத்திருக்கிற தம்பிமார் கவனிங்க, அதிலும் பெரும்பாலும் 9 வோல்ட், நடு மைனஸ்தான்.