சிஸ்டம் எஸ்எஸ்டி முழுவதும் நிரம்பியிருக்கிறது, ஆனால் கோப்புகளைக் காணவில்லை! வீட்டு சர்வருக்கு என்னென்ன பராமரிப்புக் கருவிகள் தேவை?

பெரம்பூர்_பாலு:

வணக்கம். வீட்டில் ஓப்பன்மீடியாவால்ட் 7 (கோப்பு சேமிப்பு சர்வருக்கான இயங்குதளம்) ஓடும் சிறிய சர்வர் ஒன்று வைத்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய அலுவலகக் கணினி. உள்ளே 120 ஜிபி எஸ்எஸ்டி, அதில்தான் சிஸ்டமும், செயலிகளைத் தனித்தனிக் கண்டெய்னர்களாக (பெட்டிகளாக) ஓட்டும் டாக்கரும் இருக்கின்றன. வெளியே யுஎஸ்பியில் 4 டிபி ஹார்ட் டிஸ்க், அதற்குத் தனி அடாப்டர். இம்மிச்சில் குடும்பப் புகைப்படங்கள், ஜெல்லிஃபினில் அப்பாவின் பாடல் சேமிப்பு, இரவு மூன்று மணிக்கு அக்காவின் மேசைக் கணினியை ஆர்சிங்க் மூலம் நகலெடுப்பது. இவ்வளவுதான் அதன் வேலை.

போன வாரம் மழையில் மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் இருந்ததால் சர்வர் அணையவில்லை. காலையில் பார்த்தால் இம்மிச் திறக்கவில்லை. சர்வரை மறுதொடக்கம் செய்தேன். டிஸ்க்கில் படங்கள் பத்திரமாக இருக்கின்றன, சாம்பா (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாகப் பார்க்க முடிகிறது. ஆனால் ஓப்பன்மீடியாவால்ட் பக்கத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மறுபடி உள்நுழைவுப் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மட்டும் வேலை செய்கிறது.

டிஸ்க்கில் மீதி இடம் காட்டும் டிஎஃப் கட்டளை, எஸ்எஸ்டி 100% நிரம்பிவிட்டது என்கிறது. கோப்புறைகளின் அளவைக் கூட்டிக் காட்டும் என்சிடியுவோ அதே எஸ்எஸ்டியில் 11 ஜிபிதான் இருக்கிறது என்கிறது. மீதி எங்கே போனது?

கூடவே இன்னொரு கேள்வி: இப்படி நடக்காமல் இருக்க என்னென்ன பிளக்-இன்கள், கருவிகள் போட வேண்டும்? நெட்டேட்டா (சர்வர் நிலை வரைபடங்கள்), போர்ட்டெய்னர் (டாக்கர் நிர்வாகம்), ஸ்க்ருட்டினி (டிஸ்க் நலம்), அப்டைம் குமா (சேவைகள் ஓடுகின்றனவா என்ற கண்காணிப்பு) என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன்.

தறிநூல்:

உள்நுழைவு அப்படித் திரும்புவதற்குக் காரணம் கடவுச்சொல் அல்ல. ரூட் பகுதியில் (சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டியில்) இடமே இல்லையென்றால் செஷன் கோப்பை எழுத முடியாது, அதனால் நீங்கள் உள்ளே வந்ததே அதன் நினைவில் நிற்பதில்லை. இடம் கிடைத்ததும் தானாகச் சரியாகிவிடும்.

வழக்கமான குற்றவாளி டாக்கர் பதிவுகள்தான். இயல்பாக அமைந்திருக்கும் ஜேசன்-ஃபைல் முறையில் பதிவுக் கோப்புக்கு உச்சவரம்பு கிடையாது. டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்-சைஸ் 10 எம்பி, மேக்ஸ்-ஃபைல் 3 என்று கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கண்டெய்னர்களுக்கு இது பொருந்தாது, அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். பயன்படாத பழைய இமேஜ்களை (கண்டெய்னர் உருவாகும் மூலப் பொதிகள்) டாக்கர் சிஸ்டம் ப்ரூன் துடைத்துவிடும். அதோடு வால்யூம்ஸ் என்ற சொல்லை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். எந்தக் கண்டெய்னரும் பயன்படுத்தாத, பெயர் வைக்காத வால்யூம்களையும் (கண்டெய்னர்களின் தரவு சேமிப்பு) கொண்டுபோய்விடும்.

பெரம்பூர்_பாலு:

நன்றி. பார்த்துவிட்டேன். டாக்கர் கோப்புறை மொத்தமே 6 ஜிபிதான், அதுவும் அந்த 11 ஜிபிக்குள் அடக்கம். சிஸ்டத்தின் ஜர்னல் பதிவுகள் ஒரு ஜிபிகூட இல்லை. ஐநோடுகளும் (கோப்புகளுக்கான பதிவு இடங்கள்) தாராளமாக மீதமிருக்கின்றன.

கிண்டி_கணிப்பொறி:

அழித்த கோப்பை ஏதாவது நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது டியு, என்சிடியு இரண்டின் கண்ணுக்கும் அது தெரியாது, டிஎஃப் மட்டும் கணக்கில் வைத்திருக்கும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் தெரியும்.

தறிநூல்:

மறுதொடக்கம் செய்துவிட்டாரே. பிடித்துக்கொண்டிருந்த நிரல் அப்போதே போயிருக்கும். அது காரணம் இல்லை.

அடையாறு_ஆலமரம்:

பாலு, இரண்டு கேள்விகள். அன்று இரவு இம்மிச் பதிவில் என்ன எழுதியிருந்தது? அந்த 4 டிபி டிஸ்க்கின் அடாப்டர் எந்த பிளக் பாயிண்டில் இருக்கிறது?

பெரம்பூர்_பாலு:

இரவு இரண்டு மணிக்கு வாட்ச்டவர் (கண்டெய்னர்களைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல்) இம்மிச்சைப் புதுப்பித்திருக்கிறது. அதற்குப் பிறகு, புள்ளி வைத்த இம்மிச் என்ற கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அடாப்டர் டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டில் இருக்கிறது. சர்வரின் பிளக் அதற்குப் பக்கத்து போர்டில். ஏன் கேட்கிறீர்கள் ஐயா?

அடையாறு_ஆலமரம்:

நினைத்தது சரிதான். நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் எல்லா போர்டுக்கும் போவதில்லை. விளக்கு, மின்விசிறி, அறைக்கு ஒரு பிளக் பாயிண்ட், அதோடு எலக்ட்ரீஷியன் நிறுத்திக்கொள்வார். உங்கள் சர்வர் இருக்கும் போர்டு இன்வெர்ட்டரில் இருக்கிறது, டிவி போர்டு இல்லை என்று நினைக்கிறேன். நடந்தது இப்படி இருக்கும்:

மின்சாரம் போனதும் சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது, டிஸ்க் மட்டும் அணைந்தது. மவுண்ட் (டிஸ்க்கை ஒரு கோப்புறையில் பொருத்தும் இணைப்பு) கழன்றுவிட்டது. ஆனால் டிஸ்க் பொருந்தும் அந்தக் கோப்புறை எஸ்எஸ்டியில் ஒரு வெற்றுக் கோப்புறையாக அங்கேயே இருந்தது. இரண்டு மணிக்கு இம்மிச் புதிதாகக் கிளம்பியபோது தன் அடையாளக் கோப்பைத் தேடியது. அது இல்லாததால் எதையும் எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. அந்தச் சோதனையை இம்மிச்சில் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. மூன்று மணிக்கு வந்த ஆர்சிங்குக்கு அப்படி எந்தச் சந்தேகமும் கிடையாது. கோப்புறை இருக்கிறது, காலியாக இருக்கிறது, ஆகவே அக்காவின் கணினி முழுவதையும் முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, எஸ்எஸ்டி நிரம்பும்வரை எழுதித் தள்ளியிருக்கிறது.

காலையில் நீங்கள் மறுதொடக்கம் செய்ததும் டிஸ்க் சரியாக அதே கோப்புறையின் மேல் வந்து பொருந்திவிட்டது. பாயைத் தூக்கினால்தான் அடியில் இருப்பது தெரியும். அதனால்தான் என்சிடியு 11 ஜிபி என்கிறது.

பார்ப்பதற்கு வழி: ரூட்டை பைண்ட் முறையில் (இருப்பதையே இன்னோர் இடத்திலும் காட்டும் முறை) எம்என்டி கோப்புறையில் இன்னொரு முறை மவுண்ட் செய்யுங்கள். ஆர்பைண்ட் வேண்டாம், அது டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். பிறகு எம்என்டிக்குள் போய், எஸ்ஆர்வியின் கீழ் உங்கள் டிஸ்க்கின் பெயரில் இருக்கும் கோப்புறையை என்சிடியுவில் பாருங்கள். அழிப்பதற்கு முன் அந்த இடத்தில் டிஎஃப் கொடுத்து, அது 120 ஜிபி காட்டுகிறதா, 4 டிபி காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். 4 டிபி காட்டினால் கையை எடுத்துவிடுங்கள்.

பெரம்பூர்_பாலு:

ஐயா, அப்படியே இருக்கிறது! உள்ளே அக்காவின் கணினி நகல் பாதியில் நிற்கிறது, ஏறத்தாழ 98 ஜிபி. டிஎஃப் 120 ஜிபி காட்டியதை உறுதி செய்துகொண்டு அழித்தேன். உள்நுழைவும் சரியாகிவிட்டது, இம்மிச்சும் எழுந்துவிட்டது. ஜர்னலைப் புரட்டினால், மின்சாரம் போன அதே நிமிடத்தில் யுஎஸ்பி துண்டிப்பு என்று ஒரு வரி இருக்கிறது. டிவி போர்டில் இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை என்று அப்பாவும் உறுதி செய்தார். அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம்!

வேளச்சேரி_வெள்ளம்:

மறுபடி வராமல் இருக்க: டிஸ்க்கை ஒருமுறை கழற்றிவிட்டு, காலியாக இருக்கும் அந்த மவுண்ட் கோப்புறைக்கு மட்டும் சிஹெச்ஏடிடிஆர் கட்டளையில் பிளஸ் ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் குறி) கொடுங்கள். டிஸ்க் இல்லாத நேரத்தில் ரூட் பயனரால்கூட அதில் ஒரு எழுத்து எழுத முடியாது. டிஸ்க் பொருந்திவிட்டால் எதுவும் தடைபடாது. ஆர்சிங்க் பிழையோடு நின்றுவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான். இல்லாத கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும் டாக்கரின் பழக்கத்துக்கும் இது கடிவாளம்.

ஆர்சிங்க் ஸ்கிரிப்டின் முதல் வரியில் டிஸ்க் பொருந்தியிருக்கிறதா என்று மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் ஒரு சோதனையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு_ஆலமரம்:

அருமையான யோசனை. இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். பாலு, இதில் எதையும் நிறுவுவதற்கு முன் ஓப்பன்மீடியாவால்ட்டிலேயே இருக்கும் அறிவிப்புப் பகுதியில் உங்கள் மின்னஞ்சலை நிரப்புங்கள். உள்ளே மானிட் என்ற கண்காணிப்பு நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மவுண்ட் கழன்றாலும், ரூட் நிரம்பத் தொடங்கினாலும் அது கடிதம் எழுதும். அன்று இரவும் எழுத முயன்றிருக்கும், முகவரிதான் இல்லை. ஜிமெயில் என்றால் இரண்டு படி சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். வழக்கமான கடவுச்சொல் செல்லாது.

அடுத்தது ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் வசதி) பகுதி. அதை இயக்கி, வாரம் ஒரு குறுஞ்சோதனை, மாதம் ஒரு நெடுஞ்சோதனை. யுஎஸ்பி பெட்டி வழியாக டிஸ்க் விவரம் வரவில்லையென்றால் சாதன வகையை சாட் என்று கொடுத்துப் பார்க்கலாம். அதில் பழுதான, சந்தேகத்துக்குரிய பகுதிகளைக் காட்டும் பண்பு எண் 5, 197, 198 ஆகியவை பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஏறத் தொடங்கினால் புது டிஸ்க்குக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். 194 வெப்பநிலை, கத்திரி வெயில் காலத்தில் இதைப் பார்க்காமல் இருக்காதீர்கள். பரணில் சர்வர் வைத்திருக்கும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

நெட்டேட்டா அழகான வரைபடம் காட்டும். யார் உட்கார்ந்து பார்ப்பது? ஒரே டிஸ்க்குக்கு ஸ்க்ருட்டினியும் தேவையில்லை, நான்கைந்து டிஸ்க் வந்தபின் யோசிக்கலாம். டாக்கரை நிர்வகிக்க கம்போஸ் பிளக்-இன் இருக்கும்போது போர்ட்டெய்னரும் அநாவசியம். அப்டைம் குமா நல்ல கருவிதான், ஆனால் அதே சர்வரில் வைத்தால் சர்வர் விழும்போது அதுவும் சேர்ந்து விழும். அதற்குப் பதில் ஹெல்த்செக்ஸ் போன்ற வெளிச்சேவை ஒன்றில் பதிவு செய்து, ஆர்சிங்க் வெற்றியாக முடிந்தால் மட்டும் அதற்கு ஒரு அழைப்பு போகும்படி செய்யுங்கள். குறித்த நேரத்தில் அழைப்பு வரவில்லையென்றால் அது உங்களை எழுப்பும். சர்வரே எரிந்துபோனாலும் தகவல் வரும்.

வாட்ச்டவரிடமிருந்து இம்மிச்சை விலக்கிவிடுங்கள். அதன் சில பதிப்புகளுக்கு நாமே கையால் மாற்ற வேண்டிய விஷயங்கள் இருக்கும். வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டுப் பகலில் புதுப்பிப்பது நல்லது. டெபியன் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரட்டும், அதில் தவறில்லை.

வேளச்சேரி_வெள்ளம்:

வேளச்சேரி ஆள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் இருந்த எதுவும் இங்கே தப்பவில்லை. பிரதி எடுத்த இன்னொரு டிஸ்க் அதே மேசையில் இருந்தால் அது பிரதியே அல்ல. நான் மதுரையில் தம்பி வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியும் டிஸ்க்கும் வைத்திருக்கிறேன். டெயில்ஸ்கேல் என்ற தனிப்பட்ட வலைப்பின்னல் வழியாக ரெஸ்டிக் என்ற பேக்அப் நிரல் இரவில் அங்கே அனுப்புகிறது. இணைய நிறுவனம் பொது ஐபி தராமல் நூறு பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தாலும் டெயில்ஸ்கேல் ஓடும், ரூட்டரில் போர்ட் திறக்க வேண்டியதில்லை. ரெஸ்டிக் அனுப்பும் முன்னரே குறியாக்கம் செய்துவிடுவதால் தம்பிக்கு என் படங்கள் தெரியாது, அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இம்மிச்சின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் கோப்புறையை ஓடும்போதே அப்படியே நகலெடுக்காதீர்கள். முறையாக டம்ப் (தரவுத்தளத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்வது) எடுத்து அந்தக் கோப்பை அனுப்புங்கள். சிஸ்டம் எஸ்எஸ்டிக்கு ஓப்பன்மீடியாவால்ட்டின் கூடுதல் பிளக்-இன் தொகுப்பான ஓஎம்வி-எக்ஸ்ட்ராஸில் பேக்அப் பிளக்-இன் இருக்கிறது, மாதம் ஒருமுறை போதும்.

பெரம்பூர்_பாலு:

மின்னஞ்சல் நிரப்பி, சோதனைக் கடிதமும் வந்துவிட்டது. பிளஸ் ஐயும் கொடுத்துவிட்டேன். டிஸ்க் அடாப்டரை சர்வர் இருக்கும் போர்டுக்கே மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: இன்வெர்ட்டர் இருக்கும்போது தனியாக யுபிஎஸ் தேவையா?

கிண்டி_கணிப்பொறி:

தேவை. சாதாரண இன்வெர்ட்டர் லைன் மாறும் அந்தக் கணத்தில் சில கணினிகள் மறுதொடக்கமாகிவிடும். யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் உங்கள் இன்வெர்ட்டரில் இருந்தால் முதலில் அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள், மாறும் நேரம் குறையும். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்ல ஆள் வேண்டுமே. அதற்குத்தான் யுஎஸ்பி உள்ள சிறிய யுபிஎஸ்ஸும் நட் பிளக்-இன்னும். இன்வெர்ட்டர் படுத்ததும் யுபிஎஸ் தன் பேட்டரிக்கு மாறும், நட் அதைக் கவனித்து சர்வரை ஒழுங்காக அணைக்கும்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பலவற்றில் தரவுக்கான யுஎஸ்பி துளையே இருக்காது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து, மாடல் பெயர் நட் தளத்தின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையிலேயே நின்று தேடிவிடுங்கள். இரண்டாவது, உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையா, சைன் அலை வகையா? சதுர அலையை சில யுபிஎஸ்கள் மின்சாரமாகவே ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும்.

பெரம்பூர்_பாலு:

இன்வெர்ட்டர் மேல் ப்யூர் சைன்வேவ் என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறேன், மாடல் பெயரை இங்கேயே போடுகிறேன்.