பெர்சி ஸ்லெட்ஜ் விட்டுக்கொடுத்த பாட்டு

பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு திருமண வரவேற்பில் பாட வேண்டும் என்று மணமகன் ஆசைப்பட்டுக் கேட்டதால், அமெரிக்கப் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜின் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ என்ற காதல் பாட்டை எடுத்துப் பழகினோம். அசல் பதிவைப் போட்டுக் காட்டினேன். குழுவிலிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, “அண்ணே, கடைசியில் வரும் ஊதுகருவிகள் சுதி சேரவில்லையே?” என்றாள். நல்ல காது அவளுக்கு. உண்மையிலேயே சேரவில்லைதான்.

1966-இல் அலபாமா மாநிலத்தின் ஷெஃபீல்டில், க்வின் ஐவியின் சிறிய ஸ்டூடியோவில் பதிவான பாட்டு அது. அதைக் கேட்ட அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர், ஊதுகருவிகளை மட்டும் மறுபடி வாசித்து அனுப்பச் சொன்னார். ஸ்டூடியோக்காரர்களும் அனுப்பினார்கள். ஆனால் டேப் மாறிப்போய்ப் பழைய பதிவே இசைத்தட்டாக வெளிவந்துவிட்டது. மே மாதம் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் அதுதான்.

ஸ்லெட்ஜ் அப்போது மருத்துவமனை ஒன்றில் உதவியாளர். வார இறுதிகளில் எஸ்கொயர்ஸ் காம்போ என்ற குழுவில் பாடுவார். காதலி விட்டுப் போன நேரம். ஒரு நிகழ்ச்சியில் வழக்கமான பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. பேஸ் கிட்டார் வாசித்த கால்வின் லூயிஸையும் ஆர்கன் வாசித்த ஆண்ட்ரூ ரைட்டையும் ஏதாவது ஒரு சுதியில் வாசிக்கச் சொல்லிவிட்டு, மனத்தில் இருந்ததைக் கொட்டிப் பாடினார். சிறுவயதில் பருத்திக் காட்டில் வேலை செய்யும்போதே முணுமுணுத்த மெட்டு அது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். முதலில் ‘ஏன் என்னை விட்டுப் போனாய்’ என்ற புலம்பலாக இருந்ததுதான் பிறகு இன்றைய வரிகளானது.

பதிவில் ஆர்கன் வாசித்தவர் ஸ்பூனர் ஓல்டம். வாசித்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இடது கை ச, நி, த, ப என்று நிதானமாகப் படியிறங்குகிறது. வலது கை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆராதனையில் வாசிக்கும் அதே அடக்கம். அதனால்தான் ஸ்லெட்ஜ் உச்சத்தில் கதறும்போதும் பாட்டு சிதறாமல் நிற்கிறது. எங்கள் பையன்கள் நடுவே அலங்காரம் சேர்க்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் வேறொன்று. பாட்டை இயற்றிய உரிமையை ஸ்லெட்ஜ் முழுவதுமாக லூயிஸுக்கும் ரைட்டுக்கும் கொடுத்துவிட்டார். தன் பெயரைச் சேர்க்கவே இல்லை. 1991-இல் பாடகர் மைக்கேல் போல்டன் அதே பாட்டைப் பாடி அது மறுபடியும் முதலிடத்துக்குப் போனபோதும், இயற்றியவர்களுக்கான பங்கில் ஸ்லெட்ஜுக்கு இடமில்லை. ஆனாலும் அவர் கசப்பில்லாமலேயே பேசினார். 2015-இல் காலமானார்.

இசைத்தட்டில் இன்றும் அந்த இருவர் பெயர்தான். வரவேற்பு மேடையில் பாட்டை அறிவித்தபோது நான் மூன்று பேரையும் சொன்னேன்.