‘ஹத் காட்யா’வைத் தமிழ் அடிகளோடு அச்சிடுவது எப்படி?

வாசிப்பு வட்டம், வெள்ளவத்தை:
வணக்கம். 8–11 வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு, ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கி 1919இல் கியேவில் வெளியிட்ட ‘ஹத் காட்யா’ (அப்பா வாங்கிய ஓர் ஆட்டுக்குட்டியில் தொடங்கும், யூதர்கள் பாஸ்கா விழாவில் பாடும் சங்கிலிப் பாட்டு) கல்லச்சுப் படங்களைத் தமிழ் அடிகளோடு ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட விருப்பம். தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் படங்களை இடவலம் மாற்றிப் போடலாமா? எப்படியான தாள் கேட்க வேண்டும்? உரிமைச் சிக்கல் வருமா?

கல்லச்சு:
தயவுசெய்து மாற்ற வேண்டாம். இந்தப் படங்களில் எழுத்து படத்துக்கு வெளியே இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் உள்ள அடி ஒரு வளைவாகப் படத்தின் தலைக்கு மேல் நிற்கிறது, யிட்டிஷுக்கு எபிரேய எழுத்து. மாற்றினால் அந்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திரும்பி, யாராலும் வாசிக்க முடியாமல் போகும்.

இன்னொன்று, நிறம். ஒவ்வொரு பாத்திரத்தின் நிறமும் அதைக் குறிக்கும் சொல்லின் நிறமும் ஒன்றே: குட்டி மஞ்சள், அப்பாவின் முகம் பச்சை. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் சொல்லையும் உருவத்தையும் தானாக இணைத்துவிடும். தமிழ் அடியிலும் ‘குட்டி’யை மஞ்சளில், ‘அப்பா’வைப் பச்சையில் போடுங்கள். வெள்ளைத் தாளில் மெல்லிய மஞ்சள் எழுத்து தெரியாது, ஆகவே தடித்த எழுத்தும் கொஞ்சம் காவி கலந்த மஞ்சளும் வேண்டும்.

கடைசிப் படத்தைப் பிள்ளைகளோடு நிதானமாகப் பாருங்கள். கடவுளின் கை வெட்டி வீழ்த்தும் மரணதூதனின் தலையில் இருப்பது ரஷ்யப் பேரரசரான சார் மன்னனின் முடி. பழைய பாட்டுக்குள் புரட்சி வந்து உட்கார்ந்த இடம் அது.

சங்கிலிக் கதை பிள்ளைகளுக்குப் புதிதில்லை. தன் பெயரை மறந்த ஈயின் கதையை முதலில் சொல்லிவிட்டு இதைத் தொடங்கினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நூல்தையல்:
அச்சு பற்றி. பத்து அடிகள். வலப்பக்கம் படம், இடப்பக்கம் தமிழ் என்று வைத்தால் பத்து விரிப்பு, அறிமுகத்துக்கு ஒன்று, முன்னட்டை, பின்னட்டை. மொத்தம் 24 பக்கம், A3 தாள் 6. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடுவதால் வெற்றுத் தாள் மிஞ்சாது.

பிழை வருவது அடுக்கில்தான். வழமையான புத்தகத்தில் வெளித்தாளின் வலப்பாதியில் 1, இடப்பாதியில் 24. உங்கள் புத்தகம் எபிரேய நூல்போல வலமிருந்து இடமாகப் புரள்வதால் நேர் எதிர்: இடப்பாதியில் 1, வலப்பாதியில் 24. அச்சகத்தில் ‘முதுகு வலப்பக்கம்’ என்று சொல்வதோடு விடாமல், ஆறு துண்டுத் தாளை மடித்து இலக்கமிட்டுக் கையில் கொடுங்கள். இரண்டு பக்க அச்சில் தாள் குறுகிய விளிம்பில் திரும்ப வேண்டும், நீண்ட விளிம்பில் திரும்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

தாள் 120 கிராம், பூச்சில்லாதது. பளபளப்புத் தாளில் கல்லச்சின் தட்டையான நிறம் மினுங்கிக் கெட்டுவிடும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடட்டும். குறுக்கே ஓடினால் கொழும்பு ஈரப்பதத்தில் இரண்டு கிழமைக்குள் பக்கங்கள் அலை அலையாக நெளியும். கம்பி குத்த வேண்டாம், கடற்காற்றில் துரு பிடித்து மடிப்பில் கறை விடும். ஐந்து துளை, மெழுகிட்ட பருத்தி நூல் போதும். படம் ஏறத்தாழச் சதுரம், A4 பக்கத்தை நிரப்பவென்று ஓரத்தை வெட்டாதீர்கள்.

வாசிப்பு வட்டம், வெள்ளவத்தை:
மிக்க நன்றி இருவருக்கும். உரிமை? ஓவியர் மார்க் ஷகாலின் படங்களையும் சேர்க்கலாமா?

கல்லச்சு:
இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமைக் காலம் ஆக்கியோன் இறந்து 70 ஆண்டுகள். லிசிட்ஸ்கி 1941இல் இறந்தவர், தடையில்லை. ஷகால் இறந்தது 1985இல், ஆகவே 2055 முடியும்வரை பொறுக்க வேண்டும். யிட்டிஷ் எழுத்தாளர் டெர் நிஸ்டரின் கதைகளுக்கு 1917இல் ஷகால் வரைந்தவை அருமையானவை, ஆனாலும் அச்சிட வேண்டாம், திரையில் காட்டிப் பேசுங்கள். இன்னொரு ஓவியர் இஸாகர் பெர் றைபாக் 1935இல் இறந்தார். அவர் படம் வரைந்த நூலின் யிட்டிஷ் கவிஞர் லைப் க்விட்கோ 1952இல் கொல்லப்பட்டார். எழுத்து, படம் இரண்டுக்கும் காலம் முடிந்துவிட்டது, அடுத்த புத்தகத்துக்கு அதை எடுங்கள்.

படக்கோப்பை எடுக்கும்போது சுருக்கிய பிடிஎப் வேண்டாம். அதில் மஞ்சள் சேறாகிவிடும். தனித்தனிப் பக்கங்களின் பெரிய கோப்பை இறக்கி, ஒரே ஒரு தாளை முதலில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குட்டி மஞ்சளாகத் தெரிந்தால் மற்றதைத் தொடரலாம்.