அரியலூர்க் கிளிஞ்சலும் நோவா வெள்ளமும்: அருங்காட்சியகத்தில் இன்னொரு பலகை வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:
பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று பெற்றோர் குழுவில் போட்டேன். உடனே ஒருவர், "பரிணாமம் வெறும் கருத்துதான், கடவுள் படைத்தார் என்பதையும் அங்கே பலகையில் எழுதச் சொல்லுங்கள்" என்கிறார். தஞ்சை, குடந்தைப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

நாகைக் கடலோரம்:
அவர் கேட்டதில் என்ன தப்பு? கடல் எங்கே, அரியலூர் எங்கே? அங்கே கிளிஞ்சல் மலைபோல் கிடக்கிறது, சிமென்ட் ஆலைகளே அந்தச் சுண்ணாம்புக்கல்லில்தான் ஓடுகின்றன. வேதாகமம் சொல்லும், உலகையே மூடிய நோவாவின் வெள்ளம் வந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அமெரிக்காவில் கென்டக்கியில் 2007-லேயே படைப்புக்கென்று அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

கொள்ளிடம் வடகரை:
கடல் வந்தது உண்மை. ஒரே வருஷத்தில் வந்து போனது என்பதுதான் இடிக்கிறது. அடியில் ஊட்டத்தூர்ப் படிவுகள், மேலே திருச்சிராப்பள்ளிப் படிவுகள், அதற்கும் மேலே அரியலூர்ப் படிவுகள். சுருள் ஓடுள்ள கடற்பிராணியான அம்மோனைட் மூன்றிலும் உண்டு, ஆனால் இனங்கள் வேறு வேறு. வெள்ளம் கலக்கி அடித்திருந்தால் எல்லாம் கூட்டாஞ்சோறாக அல்லவா கிடக்கும்? கடலடிப் பிராணிகள் தோண்டிய வளைகளும் அடுக்குக்கு அடுக்கு கல்லாகி நிற்கின்றன. பிரளயம் நடக்கும்போது எந்தப் பிராணி நிதானமாக வளை தோண்டும்? உச்சியில் கல்லமேடு என்னும் அடுக்கில் ஆற்று மணலும் டைனோசர் எலும்பும். அதன் மேல் நின்னியூர் அடுக்கில் கடல் திரும்பி வருகிறது, அம்மோனைட் திரும்பவில்லை. இத்தனை அடுக்கிலும் ஒரு மாட்டெலும்பு கிடையாது, மனித எலும்பும் கிடையாது.

மருதநிலம்:
மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்திலேயே வரிசை இருக்கிறதே. அதற்கும் ஒரு பலகை வைக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
வைத்துக்கொண்டே போனால் கல்லை வைக்க இடம் இருக்காது ஐயா.

நாகைக் கடலோரம்:
சரி, கோடிக்கணக்கான வருஷம் என்கிறீர்களே, யார் அளந்தது? கார்பன் கணக்கு பிழை விடும் என்பது ஊருக்கே தெரியும். நாங்கள் வேதாகமத்தை நம்பச் சொல்கிறோம், நீங்கள் எண்ணை நம்பச் சொல்கிறீர்கள்.

கொள்ளிடம் வடகரை:
கார்பன்-14 இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது உதவாது, அதனால் அம்மோனைட்டுக்கு அதை யாரும் போடுவதே இல்லை. அதே காலத்து அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்த இடங்கள் வேறு நாடுகளில் உண்டு. சாம்பலிலுள்ள பொட்டாசியம் எவ்வளவு ஆர்கானாக மாறியிருக்கிறது என்று அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. வெறும் எண்ணை எழுதினால் பிள்ளை மனப்பாடம்தான் செய்யும். பலகை வைப்பதானால் எப்படி அளந்தார்கள் என்று சொல்லும் பலகையை வையுங்கள். 2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்தப் புத்தகத்தோடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அருங்காட்சியகம்தான் மிச்சம்.

குறுவைக்காரர்:
அவ்வளவு தூரம் எதற்கு? நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைக் கேளுங்கள். அதைத் தாங்கும் ஐ.ஆர். 26 நெல் 1973-இல் வந்தது. பிலிப்பைன்ஸில் இரண்டு மூன்று வருஷத்தில் அதையும் சாய்க்கும் புகையான் கிளம்பிவிட்டது. தப்பித்தது பெருகியது, அவ்வளவுதான். பூச்சிமருந்து விஷயமும் இப்படித்தான்.

நாகைக் கடலோரம்:
புகையான் புகையானாகத்தானே இருக்கிறது? வண்டாக மாறவில்லையே.

கொள்ளிடம் வடகரை:
சில வருஷத்தில் வண்டாகும் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. பெரிய மாற்றத்துக்குக் கல்லைத்தான் பார்க்கவேண்டும். 2004-இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்ற புதைபடிவம் கிடைத்தது, வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. மீனின் செதிலும் துடுப்பும் உண்டு, கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் உண்டு. இன்ன வயதுப் பாறையில் தேடினால் இப்படி ஒன்று கிடைக்கும் என்று முன்பே கணக்குப் போட்டுப் போய் எடுத்தார்கள். வெள்ளக் கணக்கை வைத்து அரியலூரில் எந்த அடுக்கில் என்ன கிடைக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், பார்ப்போம்.

நாகைக் கடலோரம்:
தோண்டிக் காட்டுவது என் வேலை இல்லை. பலகை கேட்டு மனு போடத்தான் போகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
போடுங்கள் ஐயா. அளந்த முறையை எழுதச் சொல்லி நானும் ஒன்று போடுகிறேன்.