புதுப்பிப்பு: எல்.கே.ஜி. 25% இடம் – வருமானச் சான்று யாருக்கு வேண்டும்?

தமிழ்நாட்டில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) படி தனியார் பள்ளிகளில் கட்டணமின்றி ஒதுக்கும் 25% இடத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிய முந்தைய இழையில் பலர் கேட்டது வருமானச் சான்று. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று நலிவடைந்த பிரிவில் போடுபவர்களுக்கே அது தேவை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. சாதிச் சான்று போதும். அதுவும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர நாளாகும், இ-சேவையில் இப்போதே போட்டுவிடுங்கள்.

பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிந்தபோது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்காவிட்டால் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். பதிந்து 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணம் உண்டு. ஆதாரில் உள்ள அதே எழுத்து, அதே இனிஷியல் வரட்டும்.

ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்திருக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் நடக்கும் குலுக்கலில் பெயர் விழாவிட்டால், அங்கன்வாடியில் இலவசமாகச் சேர்க்கலாம்.